ஒரே மனையில் இரண்டு குடித்தனம்

பெங்களூரின் கணினித் தொழிலுக்குச் சரித்திரம் எழுதப் புகுந்தவர்கள் பெரும்பாலும் ஸ்தாபனங்களின் சரித்திரத்தையே எழுதியிருக்கிறார்கள். 1978-ஆம் ஆண்டில் ஆர்.கே. பாலிகாவின் முயற்சியால் கியோனிக்ஸ் என்னும் அரசு நிறுவனம் கோணப்பன அக்ரஹாரத்தையும் தொட்டதோகூரையும் ஒட்டிய 332 ஏக்கர் நிலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் சிட்டியை நிர்மாணித்ததும், 1983-இல் இன்ஃபோசிஸ் புனேயிலிருந்து இந்நகருக்குக் குடிபெயர்ந்ததும், 1985-இல் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் இங்கே தன் கூடத்தைத் திறந்து செயற்கைக்கோள் வழியாக வெளிநாட்டோடு பிணைப்பு ஏற்படுத்திக்கொண்டதும் அந்தச் சரித்திரங்களில் தவறாமல் இடம் பெறுகின்றன. இடம் பெறாதது, அத்தகைய ஸ்தாபனங்களில் பகலெல்லாம் உத்தியோகம் பார்த்துவிட்டு வீடு திரும்பிய இளைஞர்களும், அவற்றில் நுழைவதற்காகத் தங்களைத் தயார் செய்துகொண்டிருந்த மாணவர்களும், இரவு நேரங்களில் தங்கள் சொந்தக் கணினியை முன்னே வைத்துக்கொண்டு பழகிய ஒரு வழக்கத்தின் கதை. ஒரே யந்திரத்தில் இரண்டு இயங்குதளங்களைக் குடிவைத்து, வேண்டியபோது வேண்டியதை எழுப்பிக்கொள்ளும் அந்த வழக்கத்துக்கு 'டூயல் பூட்' என்று பெயர். அப்படித் தனித்தனியே குடியிருந்த இரண்டில் ஒன்றை, மற்றது விழித்திருக்கும்போதே அதன் உள்ளே எழுப்பி நடமாட விடும் வித்தை பிற்பாடு கைவந்தது. அற்ப விஷயமென்று இதைச் சிலர் நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இந்த நகரம் யந்திரத்தின் அஸ்திவாரத்தைத் தொட்டுப் பார்த்துக் கற்றுக்கொண்டது எந்தப் பாடசாலையில் என்று கேட்டால், நான் முதலில் சுட்டிக்காட்டுவது இதைத்தான்.

ஒரே மனையில் இரண்டு குடித்தனம் என்பது இவ்வூருக்குப் புதியதன்று. கெம்பே கவுடர் 1537-இல் நிறுவிய பேட்டை ஒரு புறமும், 1809-இல் ஆங்கிலேயர் அல்சூரை ஒட்டி அமைத்த கண்டோன்மென்ட் மறுபுறமுமாக, வெவ்வேறு நிர்வாகங்களின் கீழ், வெவ்வேறு பாஷைகளின் ஓசையில், பெங்களூர் நெடுங்காலம் இரண்டாகவே வாழ்ந்தது. 1881-இல் மைசூர் ராஜ்யம் உடையார் வம்சத்தாரிடம் திரும்ப ஒப்படைக்கப்பட்டபோதும், பேட்டைவாசிகள் 'தண்டு' என்று அழைத்த கண்டோன்மென்ட் மட்டும் ஒப்படைக்கப்படாமல், பிரிட்டிஷ் ரெசிடெண்டின் அதிகாரத்தில் நின்றது. 1864-இல் ஜோலார்பேட்டையிலிருந்து வந்த முதல் ரயில் கண்டோன்மென்டில்தான் நின்றது. நகரத்துக்கென்று தனி நிலையம் பின்னால் எழுந்தது. பட்டாளத்தோடும் அதன் ஏவலோடும் வந்து குடியேறிய தமிழர்களின் சந்ததியார் இன்றும் அல்சூரிலும் சிவாஜிநகரிலும் மர்பி டவுனிலும் வாழ்கிறார்கள். இரு நகராட்சிகளும் இணைந்து ஒரே மாநகராட்சியானது 1949-இல்தான். இந்த வரலாற்றை நான் இங்கே எடுத்துரைப்பது அலங்காரத்துக்காக அன்று. ஒரே நிலத்தில் இரண்டு ஆட்சி நடக்க வேண்டுமானால், எல்லை எங்கே, அந்த எல்லையைக் குறித்த பத்திரம் யார் கையில், பொதுவான சாலையை யார் பராமரிப்பது என்ற கேள்விகள் எழாமல் இரா. அவையேதான் கணினியின் தகட்டிலும் எழுந்தன.

கணினித் தகட்டைப் பங்கிடுவதற்கு 'பார்ட்டிஷன்' என்று பெயர். நம் குடும்பங்களில் பாகப்பிரிவினை என்று சொல்வதற்கு இதைவிடப் பொருத்தமான உவமானம் கிடைக்காது. 1983-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் தனிநபர்க் கணினி, கழற்ற முடியாத நிலைத்தகட்டைப் பெற்றபோது, அதன் டாஸ் 2.0 பதிப்போடு அந்தப் பாகப்பத்திரத்தின் வடிவமும் வகுக்கப்பட்டது. தகட்டின் முதல் 512 பைட்டுகளே அந்தப் பத்திரம்; எம்.பி.ஆர். என்று அதைச் சொல்வார்கள். அதில் 446 பைட்டுகள் யந்திரத்தை எழுப்பும் சிறு நிரலுக்கும், 64 பைட்டுகள் நான்கு பங்குகளின் எல்லைக் குறிப்புக்கும், எஞ்சிய இரண்டு பத்திரம் செல்லும் என்பதற்கான முத்திரைக்கும் ஒதுக்கப்பட்டன. இரண்டு இயங்குதளங்களை வைத்துக்கொண்டவர் எவராயினும் அவருடைய சுகதுக்கமெல்லாம் இந்த 512 பைட்டுகளுக்குள் அடங்கியிருந்தது. பேட்டைக்கும் தண்டுக்கும் இல்லாத ஒரு நிபந்தனையும் இங்கே உண்டு: ஊரில் இரண்டு நிர்வாகமும் ஒரே சமயத்தில் விழித்திருந்தன, தகட்டிலோ ஒன்று விழித்திருக்கும்போது மற்றது உறங்கியே ஆக வேண்டும்.

இந்த நிபந்தனையை மீறலாம் என்று கண்டறிந்தவர்கள் பெரிய யந்திரங்களின் காலத்தவர்கள். 1964 முதல் ஐ.பி.எம். நிறுவனத்தின் கேம்பிரிட்ஜ் விஞ்ஞான மையத்தில் ராபர்ட் கிரீசியும் லெஸ் கோமோவும் தம் தோழர்களோடு உருவாக்கிய சி.பி-40 என்னும் அமைப்பு, ஒரு யந்திரத்தின்மேல் பல யந்திரங்கள் இருப்பதான தோற்றத்தை உண்டாக்கி, ஒவ்வொருவருக்கும் முழு யந்திரமும் தமக்கே சொந்தம் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. 1972 ஆகஸ்டில் அது வி.எம்./370 என்ற பெயரில் வியாபாரப் பொருளாயிற்று. அதற்கு முன்னர், பழைய இயங்குதளத்திலிருந்து புதியதற்கு மாற விரும்பிய ஸ்தாபனம், பகலில் இதையும் இரவில் அதையும் ஓட்டி, இடையே யந்திரத்தை நிறுத்திக் கிளப்பி அவதிப்பட வேண்டியிருந்தது. இப்போது இரண்டையும் அடுத்தடுத்து நிறுத்திப் பரீட்சை செய்ய முடிந்தது. 1970-களில் நம் இந்திய அறிவியல் கழகத்தில் இயங்கிய ஐ.பி.எம். 360/44 விஞ்ஞானக் கணக்குகளுக்கென வடிவமைத்த மாதிரி. இத்தகைய தோற்றத்தை உண்டாக்குவதற்கு அவசியமான முகவரி மாற்றும் சாதனம் அதற்கு இல்லை. 1978-இல் ஐ.பி.எம். இந்தியாவை விட்டே வெளியேறியது. அதன் யந்திரங்களைப் பராமரிக்கும் பொறுப்பு சி.எம்.சி. என்ற அரசு நிறுவனத்தின் தோளில் விழுந்தது. அந்த வித்தை பெங்களூரின் சாதாரண வீடுகளுக்கு வந்து சேர்வதற்கு மேலும் இருபது ஆண்டுகளாயின. அது வந்த வழியும் வேறு.

அந்த வழி ஒரு பத்திரிகையின் அட்டைக்குள் இருந்த வட்டத்தகடு. 1996-இல் பிசிகுவெஸ்ட் என்னும் மாதப் பத்திரிகை தன் வாசகர்களுக்கு லினக்ஸ் இயங்குதளத்தைக் குறுந்தகட்டில் வைத்துக் கொடுத்தது. இந்த முயற்சிக்கு முன்னின்றவர் பெங்களூரில் வாழ்ந்த அதுல் சிட்னிஸ். 1989-லேயே இவ்வூரில் சிக்ஸ் என்ற பெயரில், தொலைபேசி வழியே கணினிகள் கூடிப் பேசும் அறிவிப்புப் பலகை ஒன்றை நடத்தியவர். பொதுமக்களுக்கு இணையம் 1995 ஆகஸ்ட் 15-இல்தான் வி.எஸ்.என்.எல். மூலம் கிடைத்தது என்பதையும், தொலைபேசிக் கம்பியில் ஒரு இயங்குதளம் முழுவதையும் இறக்கிக்கொள்வது அன்று நினைத்தும் பார்க்க முடியாத காரியம் என்பதையும் மனத்தில் கொண்டால்தான் அந்தக் குறுந்தகட்டின் மகிமை விளங்கும். ஆண்டுதோறும் அது புதுப்பிக்கப்பட்டு வந்தது. பிற்பாடு பிசிகியூ லினக்ஸ் என்ற பெயரும் பெற்றது. வேறெந்த வழியிலும் லினக்ஸைத் தொட்டிருக்க முடியாத ஆயிரக்கணக்கான மனிதர்கள் அந்தத் தகட்டால் அதைத் தொட்டார்கள்.

தகடு கிடைத்துவிட்டது, இடம் வேண்டுமே. அதற்காகத்தான் எஸ்.பி. ரோடு இருந்தது. டவுன் ஹாலுக்கும் அவென்யூ ரோட்டுக்கும் இடைப்பட்ட சதர் பத்ரப்பா ரோடு, இந்நகரில் கணினி சேர்ப்பவர்களின் கடைத்தெரு. ஒரு கடையில் தாய்ப்பலகை, இன்னொரு கடையில் நினைவகம், மூன்றாவதில் ஹார்டு டிஸ்க் என்று விலை விசாரித்து வாங்கி, ஆட்டோவில் மடிமேல் வைத்துக்கொண்டு வீடு வந்து சேர்த்துப் பூட்டிய யந்திரங்கள் எத்தனை! இரண்டாவது ஹார்டு டிஸ்க் வாங்க வசதியுள்ளவர் அதில் லினக்ஸை வைத்தார். வசதியற்றவர், இருக்கின்ற ஒன்றையே பாகம் பிரித்தார். விண்டோஸ் நிரம்பியிருந்த பங்கைச் சுருக்கி வெற்றிடம் உண்டாக்குவதற்கு ஃபிப்ஸ் என்றொரு கருவி இருந்தது. பிரிவினை நடக்கும்போது மின்சாரம் நின்றுவிட்டால் இரு வீடும் இடிந்துபோகும். ஆகையால் மின்வெட்டு வராத வேளை பார்த்து, ராத்திரி பதினொரு மணிக்குமேல் இந்தக் காரியத்தில் இறங்குவது வழக்கமாயிற்று.

எழுப்பும் பொறுப்பை ஏற்றுக்கொண்ட நிரலுக்கு லிலோ என்று பெயர். வெர்னர் அல்மெஸ்பெர்கர் எழுதியது. அது தன் பெயரின் நான்கு ஆங்கில எழுத்துக்களை ஒவ்வொன்றாகத் திரையில் எழுதும். ஒரு கட்டம் வெற்றிகரமாக முடிந்தால் ஓர் எழுத்து. முதல் இரண்டு எழுத்துக்களோடு திரை உறைந்துவிட்டால், இரண்டாம் கட்ட நிரல் தகட்டில் எதிர்பார்த்த இடத்தில் இல்லை என்று அர்த்தம். அந்த இரண்டு எழுத்தைப் பார்த்து நெஞ்சு திடுக்கிடாதவர் அந்தத் தலைமுறையில் குறைவு. யந்திரத்தை முதலில் எழுப்பும் பழைய பயாஸ், தகட்டின் முதல் 1024 சிலிண்டர்களுக்கு அப்பால் பார்க்க இயலாதது என்ற நுட்பமும், அதனால் லினக்ஸின் கருவை, அதாவது கெர்னலை, தகட்டின் முற்பகுதியில் ஒரு சிறு பங்கில் வைக்க வேண்டும் என்ற சாதுரியமும் இப்படித்தான் கற்றுக்கொள்ளப்பட்டன. விண்டோஸை மறுபடி நிறுவினால் அது முதல் 512 பைட்டுகளில் தன் நிரலையே எழுதி, இன்னொரு குடித்தனம் இருப்பதை மறைத்துவிடும். லினக்ஸ் அழிந்துபோனது என்று கலங்கியவர், ஒரு ஃபிளாப்பியிலிருந்து எழுப்பிப் பத்திரத்தைத் திருத்தி எழுதி அதை மீட்டார். கடிகாரமும் ஒரு தகராறு. விண்டோஸ் யந்திரத்தின் கடிகாரத்தை உள்ளூர் நேரமாகக் கொள்ளும். லினக்ஸ் அதைக் கிரீன்விச் நேரமாகக் கொள்ளும்படி அமைத்திருந்தால், ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறும்போதெல்லாம் நேரம் சரியாக ஐந்தரை மணி தாவும்.

எல்லாவற்றிலும் பெரிய உபத்திரவம் மோடம். மலிவான உள்மோடங்கள் தம் வேலையில் பாதியை விண்டோஸின் தலையில் சுமத்துபவை; லினக்ஸில் அவை பேசா. ஆகையால் லினக்ஸில் ஒரு சந்தேகம் எழுந்தால், அதை நிறுத்தி, விண்டோஸை எழுப்பி, தொலைபேசியில் இணைத்து, விடையைத் தேடி இறக்கி, இருவரும் படிக்கக்கூடிய பொதுப் பங்கில் சேமித்து, மீண்டும் நிறுத்தி, லினக்ஸை எழுப்பிப் படிக்க வேண்டும். விடை தவறாக இருந்தால் மறுபடியும் அதே யாத்திரை. அக்காலத்தில் நான் அல்சூரில் ஒரு வீட்டின் பின்கட்டில் குடியிருந்தேன். வீட்டுக்காரரின் தாயார் ஒரு நாள் இரவு வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, "ஏன் தம்பி, அந்தப் பொட்டிய எத்தனை வாட்டிதான் அணைச்சு அணைச்சுப் போடுவே? கெட்டுப் போயிடாதா?" என்று கேட்டார். "இல்லீங்கம்மா, உள்ள ரெண்டு பேர் இருக்காங்க. ஒருத்தர் தூங்கினாத்தான் இன்னொருத்தர் எழுந்திருக்க முடியும்" என்றேன். அவர் சற்றும் ஆச்சரியப்படவில்லை. "ஒரே மனையில ரெண்டு குடித்தனம்னா அப்படித்தான். நாங்க குழாயடியில பாக்காததா?" என்று சொல்லிவிட்டுப் போனார். இந்த விஷயத்தை அதைவிடத் தெளிவாக வேறு எவரும் எனக்கு விளக்கியதில்லை.

1999-ஆம் ஆண்டில் வி.எம்.வேர் என்னும் அமெரிக்க நிறுவனம் ஒரு நிரலை வெளியிட்டது. டயேன் கிரீன், மெண்டல் ரோசன்பிளம் முதலிய ஐவர் முந்திய ஆண்டில் தொடங்கிய அந்த நிறுவனம், பெரிய யந்திரங்களின் பழைய வித்தையை மேசைக் கணினிக்குக் கொண்டுவந்தது. அது எளிய காரியமன்று. 1974-இல் ஜெரால்டு போப்பெக், ராபர்ட் கோல்டுபர்க் என்ற இருவர், ஒரு யந்திரத்தின்மேல் போலி யந்திரத்தை நிறுவ அதன் கட்டளைகள் எப்படிப்பட்டனவாக இருக்க வேண்டும் என்று இலக்கணம் வகுத்திருந்தார்கள்: அதிகாரம் தொடர்பான கட்டளை எதுவாயினும், அதிகாரமற்ற குடி அதை உச்சரித்த மாத்திரத்தில், போலி யந்திரத்தைக் கண்காணிக்கும் மேற்பார்வையாளனுக்குத் தெரிந்தாக வேண்டும். அன்றைய இன்டெல் குடும்பத்துச் சில்லுகள் இந்த இலக்கணத்துக்கு அடங்கவில்லை. பென்டியத்தில் 17 கட்டளைகள் அதை மீறுகின்றன என்று பின்னர் கணக்கிட்டார்கள். உதாரணமாக, கொடிகளை மீட்டு வைக்கும் ஒரு கட்டளையை அதிகாரமற்ற குடி சொன்னால், யந்திரம் ஆட்சேபிப்பதுமில்லை, முழுவதும் நிறைவேற்றுவதுமில்லை. ஒரு பகுதியை மௌனமாக விட்டுவிடுகிறது. மேற்பார்வையாளனுக்கு அது தெரியவே தெரியாது. வி.எம்.வேர் கண்ட உபாயம், விருந்தாளி இயங்குதளத்தின் நிரலை ஓடும்போதே படித்து, ஆபத்தான கட்டளைகளை மட்டும் வேறு சொற்களால் பெயர்த்து ஓட்டுவது. மொழிபெயர்ப்பாளனின் உழைப்பு அது. சிறிது மந்தமாக நடந்தாலும் அர்த்தம் பிசகாமல் நடந்தது.

64 மெகாபைட் நினைவகத்தைச் செல்வமாக எண்ணிய காலத்தில் அதைப் பாதியாகப் பங்கிட்டு இரண்டு இயங்குதளத்தை ஓட்டுவது மூச்சுத் திணறும் காரியம். என்றாலும், லினக்ஸின் திரையில் ஒரு சாளரத்துக்குள் விண்டோஸ் விழித்தெழுந்ததைக் கண்ட அந்த முதல் அனுபவத்தை அதைக் கண்டவர்கள் மறக்கமாட்டார்கள். அணைத்துப் போடும் யாத்திரை முடிந்தது. ஆனால் ஒரு குறை. சாளரத்துக்குள் ஓடியது புதிதாக நிறுவிய வேறொரு விண்டோஸ். பக்கத்துப் பங்கிலே பல வருஷமாகக் குடியிருந்து, கடிதங்களும் கணக்கும் படங்களும் சேர்த்து வைத்திருந்த அந்தப் பழைய விண்டோஸ் இன்னும் உறங்கிக்கொண்டே இருந்தது. அதையே எழுப்பி இங்கே அழைத்து வந்தால் என்ன என்ற ஆசை இயல்பாகப் பிறந்தது. ஒரே குடி, சில நாள் நிஜ யந்திரத்தில் நேரடியாகவும், சில நாள் மற்றவனுடைய மேற்பார்வையில் போலி யந்திரத்திலும் வாழ வேண்டும். இதற்கு இடம் கொடுக்கும் ஏற்பாட்டை வி.எம்.வேர் தொடக்க காலத்திலேயே செய்திருந்தது; பிற்பாடு 2007-இல் இன்னோடெக் என்னும் ஜெர்மானிய நிறுவனம் மூலநிரலோடு திறந்துவிட்ட வர்ச்சுவல்பாக்ஸும் அதைச் செய்தது.

இந்த வித்தையின் நுட்பத்தைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். போலி யந்திரத்துக்குத் தகடு என்று ஒரு கோப்பைக் காட்டுவதே வழக்கம். இங்கோ அந்தக் கோப்பில் சரக்கு ஒன்றும் இராது. நிஜத் தகட்டின் இந்த எண் முதல் இந்த எண் வரை உள்ள பங்கு உனக்கு, மற்றவை உனக்கல்ல என்ற எல்லைக் குறிப்பு மட்டுமே இருக்கும். பாகப்பத்திரத்தின் நகல் ஒன்றும் கூடவே வைக்கப்படும். விருந்தாளி அந்த நகலைப் பார்த்து நான்கு பங்குகளும் இருப்பதாகவே எண்ணும். ஆனால் அயலான் பங்கைப் படிக்கப் போனால் வெறும் சுன்னங்களே கிடைக்கும், எழுதப் போனால் எழுத்து நிலைக்காது. நகல் பத்திரத்தில் ஒரு திருத்தமும் அவசியம்: அசல் பத்திரத்தில் இருந்த லிலோவோ, அதைப் போலவே எழுப்பும் நிரலான கிரப்போ, தன் எஞ்சிய பாகத்தை லினக்ஸின் பங்கில் அல்லவா தேடும்? அந்தப் பங்கு விருந்தாளிக்கு மறுக்கப்பட்டிருப்பதால் அது அங்கேயே திகைத்து நிற்கும். ஆகையால் விண்டோஸை நேரே எழுப்பும் வேறொரு சிறு நிரலை நகலில் மாத்திரம் பொறித்து வைப்பார்கள்.

எழுந்த பிறகும் வேற்றிட மயக்கம் தீர வேண்டும். நேற்று வரை ஒரு தாய்ப்பலகையையும் ஒரு திரைச்சீட்டையும் அறிந்திருந்த விண்டோஸ், இன்று கண் விழித்தால் சுற்றிலும் உள்ள சாமான்கள் யாவும் மாறியிருக்கக் காண்கிறது. தகட்டை ஆளும் கட்டுப்பாட்டுச் சில்லு அறிமுகமில்லாததாக இருந்தால் தன் வீட்டுக் கதவையே திறக்க முடியாமல் நீலத்திரை காட்டி விழுந்துவிடும். இதற்குப் பரிகாரம் முன்கூட்டியே இரண்டு 'ஹார்டுவேர் புரொஃபைல்' எழுதி வைப்பது. நிஜ யந்திரத்துக்கு ஒன்று, போலி யந்திரத்துக்கு ஒன்று. எழும்போதே எந்த வீட்டில் இருக்கிறோம் என்று தெரிந்துகொண்டு அதற்கேற்ப நடந்துகொள்ளும். 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பி வந்த பின், யந்திரத்தின் உறுப்புக்களைக் கணக்கெடுத்து அனுமதி சரிபார்க்கும் முறையும் சேர்ந்துகொண்டதால், வீடு மாறும்போதெல்லாம் அனுமதியைப் புதுப்பிக்கச் சொல்லும் தொல்லையும் உண்டாயிற்று. லினக்ஸை உள்ளே எழுப்பியவர்களுக்கு வேறு விதத் தொல்லை: எச்.டி.ஏ. என்றிருந்த தகடு எஸ்.டி.ஏ. என்று பெயர் மாறியிருக்கும். வலைச்சீட்டின் முகவரி மாறியதால் அதற்கு வேறு எண் வாய்த்திருக்கும். பெயரை நம்பாமல், ஒவ்வொரு பங்குக்கும் பொறிக்கப்பட்ட நிலையான அடையாள எண்ணை நம்பி அமைப்பது நல்லது என்ற பாடம் பலருக்கு இப்படித்தான் வாய்த்தது.

ஆபத்து ஒன்றே ஒன்று; ஆனால் அது பெரியது. ஒரு பங்கை இருவர் ஒரே நேரத்தில் ஆளலாகாது. லினக்ஸ் விண்டோஸின் பங்கைத் திறந்து வைத்துக்கொண்டிருக்கும்போதே அந்த விண்டோஸை உள்ளே எழுப்பினால், இருவரும் தத்தம் நினைவில் ஒரு வரவுசெலவுப் புத்தகத்தை வைத்துக்கொண்டு, ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அதே நிலத்தில் எழுதுவார்கள்; சற்று நேரத்தில் எவர் கணக்கும் மெய்க்கணக்காக இராது. இந்தப் பிழையை நான் செய்திருக்கிறேன். ஓர் ஞாயிற்றுக்கிழமை மாலை, பங்கை மூட மறந்து விண்டோஸை எழுப்பினேன். அரை மணி நேரத்துக்குப் பின் என் தங்கையின் திருமணப் படங்கள் இருந்த அடைவு பொருளற்ற பெயர்களால் நிரம்பிக் கிடந்தது. வேறு பிரதி இல்லை. அந்தப் படங்களை நினைக்கும்போது இன்றும் மனம் வலிக்கிறது. விண்டோஸை முழுவதும் நிறுத்தாமல் 'ஹைபர்னேட்' செய்து உறங்க வைத்திருந்தாலும் இதே ஆபத்துத்தான். 2012-இல் வந்த விண்டோஸ் 8, விரைவாக எழுவதற்காக, நிறுத்தச் சொன்னாலும் பாதி உறக்கத்தையே இயல்பாக்கிக்கொண்டதால், அறியாதவர்கள் அதிகமாக அகப்பட்டுக்கொண்டார்கள்.

இத்தகைய அனுபவங்களையெல்லாம் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள இவ்வூரில் ஒரு சபையும் இருந்தது. 2001 டிசம்பரில் இந்திய அறிவியல் கழக வளாகத்து ஜே.என். டாடா அரங்கத்தில் 'லினக்ஸ் பெங்களூர்' மாநாடு முதன்முறையாகக் கூடியது. அதுல் சிட்னிஸும் பெங்களூர் லினக்ஸ் பயனர் குழுவினரும் அதற்கு முதுகெலும்பாக நின்றார்கள். 2005 முதல் 'ஃபாஸ் டாட் இன்' என்று பெயர் மாறி 2012 வரை நடந்தது. சிட்னிஸ் 2013 ஜூன் 3-இல் காலமானார். அந்தக் கூட்டங்களின் மேடையில் பேசப்பட்டவை உயர்ந்த விஷயங்கள், ஆனால் தேநீர் இடைவேளையில், நடைபாதையில், சுவரோரம் சாய்ந்தபடி நடந்த சம்பாஷணைகளில் பாதி, "உங்க எம்.பி.ஆர். போயிடுச்சா? எப்படி மீட்டீங்க?" என்ற வகையினவே. அவற்றை நான் தாழ்வாக மதிக்கவில்லை.

ஏனெனில் இதே காலத்தில்தான் பெங்களூரின் பெரிய கூடங்களும் இந்த வித்தையில் இறங்கின. 1992-இல் டாடாவோடு கூட்டுச் சேர்ந்து இந்தியாவுக்குத் திரும்பிய ஐ.பி.எம். இவ்வூரையே இருப்பிடமாகக் கொண்டது. லினக்ஸின் கருவிலேயே வேலை செய்யும் மையம் ஒன்றும் பின்னர் இங்கே ஏற்பட்டது. வி.எம்.வேர் 2000-களின் நடுவில் இங்கு ஆராய்ச்சிக் கூடம் திறந்தது. 2005-இல் இன்டெல்லும் மறு ஆண்டில் ஏ.எம்.டி.யும், முன்சொன்ன 17 கட்டளைகளின் குறையைச் சில்லிலேயே தீர்த்துவிட்டன; மொழிபெயர்ப்பாளனின் உழைப்பு பெரும்பாலும் அவசியமற்றதாயிற்று. 2007 பிப்ரவரியில், போலி யந்திரங்களை ஓட்டும் கே.வி.எம். லினக்ஸின் கருவோடு சேர்ந்தது. 2008-இல் இன்டெல் வெளியிட்ட டன்னிங்டன் என்ற ஸியான் சில்லு, ஆறு கோர்களும் 190 கோடி டிரான்சிஸ்டர்களும் கொண்டது. முழுவதும் இந்தியாவில், பெங்களூரில் வடிவமைத்த முதல் இன்டெல் சில்லு என்ற புகழ் அதற்குண்டு. பல யந்திரத் தோற்றங்களை ஒரே யந்திரத்தில் தாங்குவதே அத்தகைய சில்லுகளின் முதல் உபயோகம். அதை வடிவமைத்தவர்களில் எத்தனை பேர் லிலோவின் இரண்டு எழுத்தைக் கண்டு திகைத்தவர்கள் என்று எண்ணிச் சொல்ல எவராலும் முடியாது. ஆனால் பங்கு, பத்திரம், அதிகாரம், எல்லை என்ற கருத்துக்களைப் புத்தகத்தில் படித்தவனுக்கும், தன் சொந்தப் படங்களை இழந்து கற்றவனுக்கும் பேதம் உண்டு என்று நான் நம்புகிறேன். இந்நகரில் இரண்டாவது வகையினர் ஏராளமாகக் கிடைத்தார்கள்.

தமிழ்நாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2011 செப்டம்பர் 15-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில், முதல் ஆண்டுக்கே ஒன்பது லட்சத்துக்கும் அதிகமான மடிக்கணினிகள் திட்டமிடப்பட்டன. அவற்றில் விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இரட்டைத் துவக்கமாக நிறுவப்பட்டிருந்தது. பெங்களூரில் ஒரு சிலர் தேடிக் கண்ட ஏற்பாடு, கிராமத்துப் பள்ளி மாணவியின் கையில் அரசாங்கத்தின் கொடையாகவே வந்து அமர்ந்தது. மாணவர்களில் பலர் அந்த இரண்டாம் குடியை எழுப்பிப் பார்த்ததே இல்லை என்று ஆசிரிய நண்பர்கள் வருந்திச் சொல்லக் கேட்டிருக்கிறேன். எழுப்பிப் பார்த்தவர்களை நான் சந்தித்திருக்கிறேன். அவர்களில் ஒருவர் இன்று இவ்வூரில் என் பக்கத்து மேசையில் வேலை செய்கிறார்.

2019-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம், விண்டோஸுக்குள்ளேயே அசல் லினக்ஸ் கருவை ஒரு சிறு போலி யந்திரத்தில் ஓட்டும் ஏற்பாட்டை அறிவித்தது. அதன் பிறகு தகட்டைப் பாகம் பிரிப்பவர்கள் அருகிவிட்டார்கள். எஸ்.பி. ரோட்டில் இன்று ஃபிப்ஸ் என்றால் விற்பவருக்கும் தெரியாது, வாங்குபவருக்கும் தெரியாது.

சென்ற மாதம் வீடு மாற்றும்போது, பரணிலிருந்து என் பழைய ஹார்டு டிஸ்க் ஒன்று கிடைத்தது. 20 ஜிகாபைட், அகலமான பட்டை நாடாவால் இணைக்கும் பழைய ரகம். எஸ்.பி. ரோட்டில் ஒரு கடையில் அதற்கேற்ற யு.எஸ்.பி. இணைப்பானை வாங்கிவந்து, தகடு உயிரோடிருப்பதைக் கண்டு, ஒரு பைட்டும் விடாமல் அதன் முழுப் பிரதியையும் ஒரு கோப்பாக எடுத்தேன். பாகப்பத்திரம், லிலோ, விண்டோஸ் 98, லினக்ஸ், பொதுப் பங்கு எல்லாம் அந்த ஒரே கோப்புக்குள் அடங்கின. அதை ஒரு போலி யந்திரத்துக்குத் தகடாகக் காட்டி எழுப்பினேன். முன்பு ஒரு குடியை மட்டும் அழைத்துவந்த இடத்துக்கு, இப்போது மனை முழுவதுமாக வந்துவிட்டது. கரிய சாளரத்தில் முதல் எழுத்து வந்தது; இரண்டாவது வந்தது; பழைய பழக்கத்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். மூன்றாவதும் நான்காவதும் வந்தன. அதற்குப் பின் இரண்டு பெயர்களோடு சிறிய பட்டியல் ஒன்று விரிந்து, எவரை எழுப்புவது என்று கேட்டுக் காத்து நின்றது.